பெயர் கூப்பிடும் இடம்

மறுபடியும் விட்டுவிட்டேன். கைபேசியில் பதிவு பண்ணி வைத்த என் கிதார் கார்டுகள், சேர்த்து அடிக்கிற சுரக்கொத்துகள், ஜி, சி, ஜி, டி என்று ஒழுங்காக வந்தன, பாட்டு வரி முடிந்தது, நான் தனியாக வாசிக்கிற சோலோ தொடங்க வேண்டிய இடம் வந்தது, அந்த இடம் போயும் விட்டது. நான் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்கு யாராவது வந்து கூப்பிடட்டும் என்று சுவரோரம் நிற்கிற தூரத்து உறவுக்காரி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். விரல் சரியான இடத்தில்தான் இருக்கிறது. மீட்டுகிற பிக் கம்பியைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கை தொடங்கவில்லை. ஒரு வரிசை வீணான பிறகு, ஐயோ, நானல்லவா வாசிக்க வேண்டும் என்று திடுக்கிட்டுத் தொடங்குகிறது. தவக்காலம் முழுக்க இதே கதை. ஊரில் எல்லோரும் இறைச்சியை விட்டார்கள், காபியை விட்டார்கள், பக்கத்து வீட்டுத் திலகவதி கிறிஸ்தவளே இல்லை, அவள்கூட ஊரைப் பார்த்து ஒரு வாரம் முட்டையை விட்டாள். நான் மட்டும் எதையும் விடாமல் ஒன்றைப் புதிதாகப் பிடித்துக்கொண்டேன். சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பிகளுக்கு அடியில் என் கணவன் டெரிக்கின் பழைய பனியன் ஒன்றைத் திணித்து, சத்தம் வெளியே போகாமல் சத்தம் போடப் பழகுகிறேன். பொன்மலை வெயில் சுவரில் ஏறிக் கிடக்கிறது. மத்தியானம் வைத்த ரசத்தின் பூண்டு வாசனை இன்னும் போகவில்லை. கூடத்து டிவியில் கிரிக்கெட் ஓடுகிறது. அதன் எதிரில் கட்டிலில் டெரிக் கிடக்கிறான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வரும், திலகவதி குடம் பிடித்து முடித்துவிட்டு அவனைப் பார்த்துக்கொள்ள வருவாள், அவளுக்குப் பின்னாலேயே ரோட்னியின் வேன் வரும். ஈஸ்டர் முடிந்து முதல் டான்ஸ் இன்று சாயங்காலம். அதற்குள் இரண்டு காரியம் நடந்தாக வேண்டும். ஒன்று, இந்தக் கை நேரத்துக்குத் தொடங்க வேண்டும். இன்னொன்று, டெரிக்கின் கிதாரை டெரிக்கின் இடத்தில் நின்று நான் வாசிக்கப்போகிறேன் என்பதை டெரிக்கிடம் சொல்ல வேண்டும். இரண்டாவது காரியத்தை நினைத்தால் முதலாவது சுலபமாகத் தெரிகிறது, முதலாவதை வாசித்துப் பார்த்தால் இரண்டாவதே தேவலை என்று இருக்கிறது.

ரோட்னியிடம் பொய் சொல்லியிருக்கக் கூடாது. ரோட்னி டெரிக்கின் சித்தப்பா மகன், எங்கள் பேண்டில் டிரம்ஸ், பேண்டுக்கு முதலாளி என்று யாராவது இருந்தால் அதுவும் அவன்தான். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள் போன் பண்ணினான். ஆணோ பெண்ணோ, யாரைக் கூப்பிட்டாலும் அவனுக்கு மென்தான். "ஜெசி, நீ ஒண்ணும் கவலப்படாத மென். கீபோர்டு பையன் ஒருத்தன் கெடைச்சிருக்கான். டெரிக்கோட லீடு சோலோ எல்லாம் அதுலயே ஏத்தி வச்சிருக்கான். பட்டன தட்டுனா போதும், டெரிக் வாசிக்கிற மாதிரியே வரும்" என்றான். டெரிக் வாசிக்கிற மாதிரியே. பட்டனைத் தட்டினால். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "லீடு நான் வாசிக்கிறேன்" என்றேன். "டெரிக்கிட்ட கேட்டியா?" என்றான். "கேட்டேனே" என்றேன். "என்ன சொன்னான்?" "தலைய ஆட்டுனாரு." இப்படித்தான் மற்றவர்களிடம் அவர், இவர் என்பேன். மனசுக்குள் எப்போதும் அவன்தான். அவன் தலையை ஆட்டவில்லை, நான் கேட்கவும் இல்லை. இன்று ரோட்னி வாசல்படி ஏறி வந்து, அவன் வழக்கப்படி கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்து, உனக்குப் பெரிய மனசு மென், கிதாரையே குடுத்துட்டியே என்று டெரிக் தோளில் தட்டுவான். டெரிக் அப்போது என்னைப் பார்ப்பான். இல்லை, பார்க்கமாட்டான், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான், அதுதான் அவனுக்குத் தெரிந்த கோபம். பக்கவாதத்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ரோட்னி ஆசை ஆசையாய் இந்தக் கிதாரைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தான். டெரிக் தன் இடது கையைப் பார்த்தான். அது படுக்கையில் யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல் கிடந்தது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினான். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. கிதாரைப் பெட்டியில் போட்டுக் கூடத்து பீரோவின் மேல் ஏற்றிவிட்டேன். இப்போது பீரோ மேல் இருப்பது காலிப் பெட்டி. அவன் தூங்கும்போது கிதாரை எடுத்துவிட்டுப் பெட்டியை மட்டும் திரும்ப ஏற்றினேன். கனமில்லாமல் அது ஒரு கையிலேயே ஏறிவிட்டது. அவன் உண்மையில் தூங்கிக்கொண்டிருந்தானா? கண்ணை மூடியிருக்கிறவனெல்லாம் தூங்குகிறவன் இல்லை. அவன் படுத்திருக்கிற கோணத்தில் கண் திறந்தால் முதலில் தெரிவது அந்தப் பெட்டிதான்.

சரி, திரும்ப ஓடவிடு. ஜி. மூன்றே கார்டு. இந்த மேற்கத்திய நாட்டுப்புறப் பாட்டுக்காரர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பெண்டாட்டி போனாலும், நாய் செத்தாலும், ரயிலைத் தவறவிட்டாலும் இதே மூன்று கார்டில்தான் அழுவார்கள். ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியர்களுக்கு அது ஏன் இவ்வளவு பிடித்தது என்று கல்யாணமான புதிதில் டெரிக்கிடம் கேட்டேன். "ட்ரெயின் வருது இல்ல மென்" என்றான். அதற்கு மேல் அவன் எதையும் விளக்கமாட்டான். நான் தூத்துக்குடிக்காரி. மாதா கோயில் பாடற்குழுவில் வளர்ந்தவள். டீச்சர் ட்ரெயினிங் படிக்க வந்த இடத்தில் இவனிடம் மாட்டினேன். எங்கள் கல்யாணம் முடிந்த கையோடு இவர்கள் பேண்டில் ரிதம் வாசித்த ஆள் ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குக் குடியேறிவிட்டான். பாதிக் காலனி அப்படித்தான் போனது. டெரிக் ரயில்வே பட்டறையிலிருந்து வந்ததும் என் இடது கையைப் பிடித்து இது ஜி, இது சி, இது டி என்று வைத்தான். கல்யாணம் பண்ணியதே ரிதத்துக்கு ஆள் வேண்டுமென்றுதானோ என்று பல தரம் கேலி செய்திருக்கிறேன். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அதையும் கேலி செய்யாமல் வேறு எதைச் செய்வது. ரிதம் என்றால் தரை போடுவது. கட்டை விரலால் தடித்த கம்பியில் ஒரு பூம், மற்றதை வழித்து ஒரு சிக். பூம் சிக், பூம் சிக். அதன்மேல் ஊரே ஆடும். வரி முடிந்து பாட்டு நிற்கும் இடத்தில், லீடு வாசிக்கிறவன் பெயரை மைக்கில் கூப்பிட வேண்டும். அது இந்தப் பாட்டின் முறை. பெயரைக் கூப்பிட்டால்தான் அவன் புறப்படுவான், ஆடுகிறவர்களும் யார் வாசிக்கிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள். கூப்பிடுவது என் வேலை. "டெரிக்!" அம்மா முதன்முதலாக ஒரு டான்ஸுக்கு வந்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "புருசன் பேர சொல்றதே பாவம், இவ மைக்கு போட்டுல்ல கத்துதா!" கத்திவிட்டு உடனே கையைத் தாழ்த்திக்கொள்வேன். பூம் இருக்கும், சிக் அடங்கிவிடும். அவனுக்கு வழி. எத்தனை ஈஸ்டர், எத்தனை கிறிஸ்துமஸ், எத்தனை வெள்ளிவிழா, அத்தனையிலும் பெயரைக் கூப்பிடு, கையைத் தாழ்த்து, ஓரமாய் நில். என் பெயரை அந்த இடத்தில் ஒருவரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட என்ன இருக்கிறது. தரையைப் போய் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களா.

எனக்குப் பொறாமை இருந்தது. சமையலறையில் யாரும் இல்லை, சொல்லிவிடலாம். அவன் சி கார்டு வருவதற்குச் சற்று முன்னாலேயே அதன் வாசலில் போய் நிற்பான், நான் சி அடிக்கும்போது கதவைத் திறந்து அவனை உள்ளே விடுவதுபோல் இருக்கும். ஆடுகிறவர்கள் ஓவென்று கத்துவார்கள். கதவைத் திறந்தவளை யார் பார்த்தது? அப்போதெல்லாம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். இப்படி வரும் என்று தெரிந்தா ஆசைப்பட்டேன்? அன்று காலையில் ஷேவிங் சோப்பு முகத்தோடு கண்ணாடி முன்னால் நின்றான். டெரிக், இட்லி ஆறுது என்றேன். திரும்பினான். பாதி முகம்தான் திரும்பியது. வேண்டாம், அதை நினைக்காதே. வாசி. வீடியோவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஐந்து சுரம் போதும், எந்தக் கார்டுக்கும் ஒத்துப்போகும் என்று சத்தியம் செய்தார். ஒத்துத்தான் போனது, எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற சம்பந்தி மாதிரி. தப்பும் இல்லை, உயிரும் இல்லை. இரண்டு வாரம் அதை வாசித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது: கார்டு மாறும்போது அந்தக் கார்டுக்கே உரிய சுரத்தில் போய் இறங்க வேண்டும், அதுதான் டெரிக் செய்தது. எனக்குக் கார்டு தெரியாதா? இத்தனை வருஷம் வேறென்ன செய்தேன். சி-யைப் பிடித்து, மொத்தமாக அடிக்காமல் ஒவ்வொரு கம்பியாகப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அவன் சோலோ துண்டு துண்டாய் இருக்கிறது. என் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது, நான்தான் சேர்த்துச் சேர்த்து அடித்து அமுக்கிவிட்டிருக்கிறேன். இழுப்புதான் கஷ்டம். மூன்றாம் கம்பியை மூன்று விரலால் மேலே தள்ளி, சுரம் அழுகிற இடம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். கொஞ்சம் குறைந்தால் முனகல், கொஞ்சம் கூடினால் பூனை. விரல் நுனி பிய்ந்து, மிளகாய் கிள்ளும்போது உயிர் போகிறது. ஆனால் இந்தக் கிதாரில் எங்கே இழுக்க வேண்டும் என்று தேட வேண்டியதில்லை. அவன் அதிகம் நின்ற இடங்களில், கழுத்தின் குறுக்கே இருக்கிற ஃப்ரெட்டு தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது. இருட்டில்கூட விரல் அதில் போய் விழும். ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் இருக்கிறான், வேறெங்கும் இல்லை. கூடத்தில் கிடப்பவன் என்னோடு பேசுவதில்லை.

பேச்சு வராமல் இல்லை. குழறும், அவ்வளவுதான். டாக்டர் பேசப் பேசச் சரியாகும் என்றார். ஆனால் டெரிக்குக் குழறலைக் கேட்கப் பிடிக்கவில்லை. சுருதி சேராத கம்பியை அவன் ஒரு நாளும் வாசித்ததில்லை, நாக்குக்கு மட்டும் சலுகை கொடுப்பானா. முதல் வாரம் என்னைக் கூப்பிட்டுப் பார்த்தான். ஜெசி என்பது பல்லிடுக்கில் கரைந்து வேறென்னவோவாக வந்தது. அதோடு விட்டான். இப்போது வலது கையில் ஒரு கரண்டி. கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் ஒன்றுக்கு, மூன்று என்றால் புரட்டிப் போடு. நான் பள்ளிக்கூட மணிக்கு ஓடுவதுபோல் ஓடுகிறேன். வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாவிட்டால் மனுஷிக்கு என்னவோ ஆகிவிடுகிறது. நேற்றுக் குழம்புக்கு உப்புப் போடும்போது நானே சொல்லிப் பார்த்தேன், ஜெசி, உப்பு. யாரையோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. ஜெபத்தில்கூட நான் என் பெயரைச் சொல்வதில்லை, ஆண்டவருக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறேன். ஐயோ, பார், இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே வரி முடிந்து அந்த இடம் மறுபடி போய்விட்டது. ஏன் தொடங்க மாட்டேன் என்கிறது இந்தக் கை? கைபேசியைக் காதோரம் வைத்துக் கேட்கிறேன். பூம் சிக், பூம் சிக், டி, அப்புறம் ஜி, இங்கே. இங்கே என்ன? சிக் காணாமல் போகிறது. பூம் மட்டும் மெல்ல நடக்கிறது. நான் பதிவு பண்ணிய ரிதம் இது. இந்த ஸ்டூலில், தனியாக, பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லாமல் பதிவு பண்ணியது. அப்போதும் சோலோ இடம் வந்ததும் கையைத் தாழ்த்தியிருக்கிறேன். அவனுக்கு வழி விட்டிருக்கிறேன். இப்போது இந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவன் வருவான் என்று பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். அடி பைத்தியக்காரி, வர வேண்டியவள் நீதானே. அது புத்திக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு பெயர் கேட்டால்தான் ஒரு கை புறப்படும் என்று அதற்குப் பழக்கம். பெயர் கேட்கவில்லை, அது புறப்படவில்லை. இன்று மேடையில் ரோட்னி கூப்பிடுவான் என்று வைத்துக்கொண்டாலும் வாய் தவறி டெரிக் என்றுதான் வரும் அவனுக்கு. அப்போது நான் என்ன செய்வேன்? கூட்டத்துக்கு நடுவில் விளக்கடியில் கிதாரும் கையுமாக நின்று அவனைத் தேடுவேன். பேசாமல் ரோட்னிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம். கீபோர்டு பையனையே வரச்சொல், எனக்குக் கை வலி என்று. பட்டனைத் தட்டட்டும். டெரிக்குக்கும் தெரிய வேண்டியதில்லை. கிதாரைப் பெட்டியில் வைத்துவிட்டால் எல்லாம் பழையபடி. பழையபடி என்றால் தண்ணீர், ஒன்றுக்கு, புரட்டிப் போடு. சாகிற வரைக்கும். எனக்கு இதை வாசிக்க வேண்டும். நன்றாக வாசிக்க வேண்டும் என்று ஆசையாகவும் இருக்கிறது, நன்றாக வாசித்துவிட்டால் அவன் முடிந்துபோனான் என்று நானே முத்திரை குத்தின மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. கடைசியாக ஒரு தரம். இந்தத் தரமும் விட்டால் போன் போட்டுவிடுவேன். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன், கிரிக்கெட் கத்துகிற கத்தலில் இது எங்கே கேட்கப்போகிறது. ஜி.

கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, கிரிக்கெட் நின்றது, பிரிட்ஜ் ஒரு உதறு உதறி அடங்கியது. இத்தனை சத்தத்துக்குள்ளா நாங்கள் இருந்தோம் என்று வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. அந்த அமைதிக்கு நடுவில் என் கைபேசி மட்டும் பூம் சிக் பூம் சிக் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. பதறிப்போய் அணைப்பதற்குள் பாதி வரி ஓடிவிட்டது. கேட்டிருப்பான். ஒரு கதவு, அது என்ன தடுத்துவிடும். சுவர்ப் பக்கம் திரும்புகிற சத்தம், கட்டில் முனகல், அதற்காகக் காத்திருந்தேன். டக். தண்ணீர். எழுந்தேன், கிதார் வாரைக் கழற்றப் போனேன். டங். இது சட்டம் இல்லை, பக்கத்து முக்காலியில் இருக்கிற எவர்சில்வர் டம்ளர். டக், டங். மறுபடி டக், டங். மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கட்டில் சட்டத்தில் பூம், டம்ளரில் சிக். கொஞ்சம் வேகம். நான் தாளத்தை இழுக்கிறேன், இழுக்கிறேன் என்று முப்பது வருஷம் திட்டினவன் அல்லவா, அந்த வேகம்தான். தெரிந்திருக்கிறது. தவக்காலம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, கிரிக்கெட்டைப் பார்க்கிறவன்போல் இந்தக் கதவைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான், ஒவ்வொரு தரமும் நான் விடுவதையும் சேர்த்து. என் கை அதுபாட்டுக்கு ஜி பிடித்தது. யோசிக்கக்கூட இல்லை, அங்கே தட்டு விழுந்தால் இங்கே கார்டு விழும். சி. திரும்ப ஜி. வாய்க்குள் வரியை முணுமுணுத்தேன். டி. வரி முடிகிறது. இதோ அந்த இடம், இதோ வருகிறது, கை தாழப்போகிறது. அதற்கு முன்னால் டம்ளர் நின்றது. சட்டத்தில் மட்டும் கரண்டி மெல்ல, மிக மெல்ல விழுந்தது. அவன் தாழ்த்திக்கொண்டான். யாருக்கும் ஒரு நாளும் தாழ்த்தாத கை. எனக்கு வழி.

"ஜெ... ஷி!"

குழறல்தான். ஆனால் பெயர் சரியான இடத்தில் விழுந்தது, ஒரு எண்ணிக்கை பிசகவில்லை. கை புறப்பட்டுவிட்டது. நான் புறப்படச் சொல்லவில்லை, அதுவே பள்ளத்தில் போய் விழுந்து, மூன்று விரலும் சேர்ந்து கம்பியைத் தள்ளி, அது அழுகிற இடம் வரைக்கும் போய் நின்றது. பனியன் அடைத்த கம்பி, சத்தம் கட்டைக் குரல்தான், இருந்தாலும் அழுதது. சி வருகிறது. அடிக்க யாரும் இல்லை, ஆனால் வருகிறது, எனக்குத் தெரியும். அதன் வாசலில் முன்னாலேயே போய் நின்றேன். ஜி. அப்புறம் டி-யில் அவசரப்பட்டு ஒரு ஃப்ரெட்டு தள்ளி இறங்கிவிட்டேன். கூடத்திலிருந்து "ச்சு" என்று நாக்குச் சத்தம் வந்தது. அதே ச்சு. ஷேவிங் சோப்புக் காலைக்கு முந்தின நாள் வரைக்கும் நான் தினமும் வாங்கிக்கட்டிக்கொண்ட ச்சு. சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, மூக்கு ஒழுகியது, துடைக்க நேரமில்லை, அதற்குள் அடுத்த ஜி வந்துவிட்டது. வாசலில் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. "ஜெசியக்கா, கரண்டு போயிருச்சா உங்களுக்கும்? வண்டி வந்துருச்சு பாருங்க" என்று திலகவதி குரல் கொடுத்தாள். கரண்டி நிற்கவில்லை. மறுபடி முதல் வரிக்குப் போய், டம்ளரையும் சேர்த்துக்கொண்டு ஓங்கி விழுந்தது. டி-யை நான் சரியாக வாசிக்கிற வரை விடமாட்டான். கம்பிகளுக்கு அடியிலிருந்து பனியனை உருவிப் போட்டேன். காலை நீட்டிச் சமையலறைக் கதவைத் தள்ளித் திறந்தேன். ரோட்னி கொஞ்சம் வாசலிலேயே நிற்கட்டும்.